கரும்பலகையில் யார் பெயர்

கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் படித்த எல்லோருக்கும் இது தெரியும். வாத்தியார் ஆபீஸ் ரூமுக்குப் போகும்போது லீடரைக் கூப்பிட்டு, "பேசறவங்க பேர எழுதி வை" என்பார். லீடர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு அடியில் ஒரு கோடு இழுப்பான். ஒருமுறை பேசினால் பெயர். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் 'மிக'. அதற்கு மேலும் பேசினால் 'மிகமிக'. வாத்தியார் திரும்பி வந்ததும் பட்டியலைப் பார்த்து வரிசையாக அடி விழும். என்ன பேசினார்கள், யாரிடம் பேசினார்கள், பேச வைத்தது யார் என்கிற விசாரணையெல்லாம் கிடையாது. எழுதினது எழுதினதுதான்.

நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். இடைநிற்றல், ஸ்காலர்ஷிப், விடுதிச் சோறு, வாத்தியார் வராத பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றுக்கும் மனுக் கொடுத்திருக்கிறோம், மறியல் செய்திருக்கிறோம். ஆனால் ஆறு வயசிலிருந்து பத்து வயசுக்குள் ஒரு பிள்ளைக்கு 'நல்லது', 'கெட்டது' என்று பெயர் விழுகிறதே, அந்தப் பெயரை வைக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றி.

லீடர் யார்? நான் படித்த பள்ளியில் ஐந்து வருஷமும் லீடர் ஊர்த்தெருவிலிருந்துதான். காலனியிலிருந்து போன நாங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் இருந்தோம். லீடருக்குத் தேர்தல் கிடையாது. 'பொறுப்பான புள்ள' என்று வாத்தியார் யாரைக் கை காட்டுகிறாரோ அவன் லீடர். பொறுப்பு என்றால் வெளுத்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, அப்பா வணக்கம் சொன்னால் வாத்தியாரும் பதிலுக்கு வணக்கம் சொல்கிற வீடு. சாக்பீஸ் அவன் கையில், பட்டியலில் எங்கள் பெயர். அவனுக்கு எங்கள் மேல் தனிக் கோபமெல்லாம் இல்லை. தன் தெருப் பிள்ளைகள் பேசினால் அவன் காதில் பேச்சாக விழும், நாங்கள் பேசினால் கூச்சலாக விழும். சாதி நடக்கக் கோபம் தேவையில்லை, பழக்கமே போதும்.

வகுப்பில் ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் கொட்டிப் பார்ப்பது எங்கள் பைகளைத்தான். மூன்றாம் வகுப்பில் ஒரு வாசனை ரப்பர் தொலைந்தது. காலனிப் பிள்ளைகள் அத்தனை பேர் பையும் தரையில் கொட்டப்பட்டது. உடைந்த சிலேட்டு, புளியங்கொட்டை, சாப்பாட்டுத் தட்டு, அம்மாவின் பழைய சேலையில் கிழித்த துணி எல்லாம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடந்தது. ரப்பர் கடைசியில் அதன் சொந்தக்காரியின் பாவாடை மடிப்பிலிருந்து விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். கொட்டினதை நாங்களே அள்ளிக்கொண்டோம். பாமாவின் 'கருக்கு' (1992) படித்தவர்களுக்கு அதில் வருகிற தேங்காய் ஞாபகம் இருக்கும். விளையாட்டாக மரத்தைத் தொட்ட பிள்ளைக்குத் திருட்டுப் பட்டம். பல வருஷம் கழித்து அதைப் படித்தபோது எனக்கு ரப்பர் வாசனை வந்தது.

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய தண்டனைக்கும் அவர்கள் செய்த சேட்டைக்கும் பெரிய சம்பந்தம் இருந்ததில்லை. அம்பேத்கர் பள்ளிக்கூடத்துக்கு வீட்டிலிருந்து கோணிச்சாக்கு கொண்டுபோய்த் தனியே உட்கார்ந்தார். பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் அவருக்குத் தண்ணீர். அவர் என்ன ஒழுங்கு தவறினார்? இரட்டைமலை சீனிவாசன் கோயமுத்தூரில் படித்த காலத்தில், சாதி தெரிந்துவிடுமோ என்று மற்ற மாணவர்களோடு சேராமல் ஒதுங்கியிருந்து, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் நுழைந்ததைத் தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் (1939) எழுதியிருக்கிறார். பேசாத பிள்ளை, சேட்டை செய்யாத பிள்ளை. அந்த அடக்கம் பயத்தால் வந்தது. ஓம்பிரகாஷ் வால்மீகி இந்தியில் எழுதிய 'ஜூட்டன்' (1997) நூலில், தலைமையாசிரியர் அவரை வகுப்புக்குள் விடாமல் நாள்கணக்கில் பள்ளியைக் கூட்டச் சொல்கிறார். வழியில் பார்த்த அப்பா விளக்குமாற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கேள்வி கேட்கிறார். 1995இல் நம் சேலம் மாவட்டத்தில் ஐந்து வயசு தலித் பெண் குழந்தை பள்ளிக்கூடத்தில் தனக்கு ஒதுக்காத பானையில் தண்ணீர் குடித்தாள். வாத்தியார் அடித்த அடியில் ஒரு கண் போனது. 2022இல் ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவ வைத்ததற்காக ஒரு தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். இரண்டுக்கும் நடுவே இருபத்தேழு வருஷம்.

தமிழ் எம்.ஏ. படித்ததில் எனக்கு ஒரு லாபம், சொற்களைச் சந்தேகப்படப் பழகினேன். 'ஒழுக்கம்' என்கிற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒழுகு' என்பதிலிருந்து வந்தது. தண்ணீர் ஒழுகுவதுபோலத் தொடர்ந்து நடப்பது. பழைய அகத்திணையில் ஐந்து நிலத்துக்கும் ஐந்து ஒழுக்கம் இருந்தது. மலைக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று. நிலத்துக்கு நிலம் வாழ்க்கை வேறு என்கிற ஒத்துக்கொள்ளல் அதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வரும்போது இந்தச் சொல் கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று ஆகிவிட்டது. கையைக் கட்டுவதும் வாயைப் பொத்துவதும் நம் தாத்தாக்கள் பண்ணை வீட்டு வாசலில் செய்தது. அதையே பேரப்பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் என்று சொல்லித்தந்தால் அது என்ன படிப்பு?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாராட்டே எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கிடைத்தது. "நல்லா கூட்டுவாடா இவ", "தண்ணி எடுத்தார இவன அனுப்பு, பலசாலி", "கூப்புட்ட கொரலுக்கு ஓடியாருவான்" என்றெல்லாம் எங்களைப் பாராட்டினார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு "கெட்டிக்காரன்", "பண்பான புள்ள", "எவ்ளோ சுத்தமா எழுதறா பாரு". அவர்களுக்கு மூளைக்கும் குணத்துக்கும் பாராட்டு, எங்களுக்கு உடம்புக்கும் கீழ்ப்படிதலுக்கும் பாராட்டு. நான் நன்றாகக் கூட்டுகிறேன் என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேறு எந்த வார்த்தையும் கிடைக்காத பிள்ளைக்கு அதுவும் இனிக்கத்தானே செய்யும். குணத்தைப் பாராட்டினால் பிள்ளைகள் திருந்துவார்கள் என்று கல்வியாளர்கள் சொல்லும்போது நான் கேட்பது இதைத்தான். எந்தக் குணத்தை, யாரிடம் பார்த்துப் பாராட்டப் போகிறீர்கள்? தண்டனையில் தீண்டாமை இருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. பாராட்டில் இருக்கிற தீண்டாமை சிரித்துக்கொண்டே வருவதால் பிடிபடுவதில்லை.

சட்டம் மாறியிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2003இல் கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்பைத் தடை செய்தார்கள். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடம்பை அடிப்பதை மட்டுமல்ல, மனசை அடிப்பதையும் தடுக்கிறது. பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது. வாய் போகவில்லை. "கையக் கட்டிப் போட்டுட்டாங்க, இனிமே இதுங்கள எப்படி மேய்க்கறது" என்று ஒரு வாத்தியார் என்னிடமே சொன்னார். மேய்க்கிறது என்ற வார்த்தையை விட்டுவிடுவோம். அவருடைய கஷ்டமும் நிஜம்தான். தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டே வாத்தியார்கள் போதும் என்று அதே சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் மீட்டிங் போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் ஒருவர். கத்தத்தான் தோன்றும். ஆனால் கத்துகிற வாய் ஏன் எப்போதும் ஒரே திசையைப் பார்த்துக் கத்துகிறது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் காலனியில் நாங்கள் சிலர் சேர்ந்து மாலை நேரப் பள்ளி நடத்துகிறோம். மன்றத்துக் கட்டடம், ஒரு கரும்பலகை, இரண்டு டியூப்லைட், நாற்பது பிள்ளைகள். சத்தம் இருக்கும், அடிதடி இருக்கும். நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அடக்கி வைத்தது சாயந்திரம் எங்களிடம் வந்து வெடிக்கும். பேசியவர்கள் பட்டியலை எங்கள் பலகையில் எழுதுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தோம். அதற்குப் பதிலாக, வீட்டுக்குப் போகும் முன் அன்றைக்கு யார் என்ன நல்லது செய்ததைப் பார்த்தோம் என்று எழுதுவது. பலகையில் எழுதினதை ஒரு நாற்பது பக்க நோட்டிலும் தேதி போட்டு எழுதி வைப்பது.

அதற்குச் சில ஒழுங்குகள் வைத்துக்கொண்டோம். 'நல்ல பையன்', 'நல்ல பொண்ணு' என்று எழுதக் கூடாது. செய்ததை மட்டும் எழுத வேண்டும். 'நல்ல பையன்' என்று எழுதினால் மற்றவன் கெட்ட பையன் ஆகிவிடுகிறான். செய்ததை எழுதினால் நாளைக்கு அதை இவனும் செய்யலாம். இரண்டு வாரத்துக்குள் எல்லாப் பெயரும் ஒருமுறையாவது வர வேண்டும். வராத பிள்ளையை நாங்கள்தான் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். சும்மா எழுதிவிட முடியாது, பிள்ளைகள் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பார்த்ததை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பிள்ளைகளும் சொல்லலாம். பென்சில், மிட்டாய் என்று எதுவும் தருவதில்லை. தந்தால் குணம் கூலியாகிவிடும், கூலி வாங்குவதற்கு நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தர வேண்டியதில்லை. சொன்ன பேச்சைக் கேட்டதற்காக யார் பெயரையும் எழுதுவதில்லை. பெண் பிள்ளைகள் கூட்டியதற்கும் ஆண் பிள்ளைகள் பெஞ்சு தூக்கியதற்கும் எழுதுவதில்லை. கடைசியாக, எழுதினதை அந்தப் பிள்ளையின் அம்மாவையோ ஆயாவையோ தெருவில் பார்க்கும்போது வாயால் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி வேலைதான் எங்களையே உலுக்கியது. ஒரு பையன், அப்போது நான்காம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு 'ரவுடி' என்றே பெயர். எங்களிடமும் தினமும் ஒரு சண்டை. அவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு சின்னப் பெண்தான் சொன்னாள், "அக்கா, டெய்லி அவந்தான் எங்கள ரோட்டத் தாண்டி வுடறான்." பள்ளிக்கூடத்துக்கும் காலனிக்கும் நடுவே மெயின் ரோடு. மணல் லாரி, டவுன் பஸ் எல்லாம் அதில்தான் பறக்கும். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு பக்கமும் பார்த்துக் கைபிடித்துத் தாண்டி விட்டுவிட்டு அவன் கடைசியாக வருகிறான். யாரும் சொல்லவில்லை, அவனாகச் செய்கிறான். அன்றைக்கு அதை எழுதினோம். அவன் பலகையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பெயர் எழுதினால் அடி விழும் என்றுதானே அதுவரை தெரியும்.

அவன் அம்மா கரும்பு வெட்டப் போகிறவர். தெருவில் நிறுத்திச் சொன்னேன். "இன்னாக்கா, எவன இன்னா பண்ணி வெச்சான்?" என்றுதான் முதலில் கேட்டார். நான் ரோட்டு விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "அவன் பேரச் சொல்லிக்கினு யாராவது வந்தாலே வவுறு கலங்கும்க்கா. நல்லது சொல்ல வந்தது நீதான்."

அதற்கப்புறம் அவன் சண்டையே போடவில்லை என்று எழுதினால் அது கதையாகிவிடும். போட்டான். ஆனால் குறைந்தது. எதனால் குறைந்தது என்று நான் யோசித்துப் பார்த்தவரையில், அவனுக்கு நிற்க ஓர் இடம் கிடைத்தது. அதற்கு முன்னால் அவன் பெயர் எடுக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது, அடிப்பது.

அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் தண்ணீர்ப் பாட்டிலால் ஊர்த்தெருப் பையன் ஒருவனை அடித்துவிட்டான். அந்தப் பையன் சாதிப் பெயரைச் சொல்லி, "எங்க பைப்புல எதுக்குடா புடிக்கற" என்று கேட்டிருக்கிறான். தலைமையாசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "டிசிய வாங்கிக்கினு போயி வேற எங்கனா சேத்துக்கோ, இவன் இங்க இருந்தா மத்த புள்ளைங்களும் கெட்டுடும்." அடிபட்ட பையனின் அம்மாவுக்கு 'வாங்கம்மா', இவருக்கு 'ஏம்மா, நீ'. ஐந்தாம் வகுப்பில் பாதியில் டிசி கொடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆடு, செங்கல் சூளை, கரும்புத் தோட்டம்.

நாங்கள் மூன்று பேர் அம்மாவோடு போனோம். கையில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று சட்டம். கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடிகிறவரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019இல் அந்தப் பிரிவைத் திருத்தி, வகுப்பில் நிறுத்திவைக்கலாம் என்று வழிவிட்டபோதும் வெளியேற்றக் கூடாது என்பதைத் தொடவில்லை. இன்னொன்று அந்த நாற்பது பக்க நோட்டு. சட்டத்தைச் சொன்னதும் தலைமையாசிரியருக்குக் கோபம் வந்தது. நோட்டைக் கொடுத்தோம். தேதிவாரியாகப் படித்தார். சின்னப் பிள்ளைகளை ரோடு தாண்டி விட்டது. கணக்கு வராமல் அழுத பெண்ணுக்குத் தன் புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொன்னது. டியூப்லைட்டை உடைத்தது நான்தான் என்று தானே வந்து சொன்னது. "இது இவனா?" என்று கேட்டார். "இவன்தான் சார்" என்றார் அம்மா. அவர் அந்த அறையில் பேசியது அது ஒன்றுதான்.

டிசி கொடுக்கவில்லை. பாட்டிலால் அடித்தது சரியென்று நாங்களும் வாதாடவில்லை. சாதிப் பெயர் சொன்ன பையன் மேல் கேஸ் போடவும் கேட்கவில்லை. பத்து வயசுப் பிள்ளை, அவன் வீட்டில் கேட்டதைப் பள்ளிக்கூடத்தில் சொல்கிறான். அவனையும் கூப்பிட்டு அது தப்பு என்று சொல்லுங்கள், இரண்டு பேரையும் வைத்துப் பேசுங்கள் என்று கேட்டோம். அதைச் செய்ய அவர்களுக்கு ஒரு வாரம் ஆனது. ஆனால் அங்கே இருந்த ஒரு டீச்சர், நம் ஆள் இல்லை, அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் வகுப்புப் பலகையின் ஓரத்தில் 'உதவியவர்கள்' என்று ஒரு தலைப்பு எழுத ஆரம்பித்தார். யார் எழுதுவது என்பதையும் வாரத்துக்கு ஒருவராக மாற்றினார்.

இயக்கத் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார், "இதெல்லாம் புள்ளைங்கள அடக்கறதுக்கு இன்னொரு வழிதானே? பிரம்புக்குப் பதிலா பாராட்டு." நியாயமான கேள்வி. பிள்ளைகளைச் சத்தமில்லாமல் உட்கார வைக்கிறதுக்காகப் பாராட்டினால் அது அப்படித்தான் முடியும். அதனால்தான் கீழ்ப்படிதலுக்கு எங்கள் பலகையில் இடமில்லை. பைப்பில் தண்ணீர் பிடிக்கிற உரிமைக்காக அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் அதை எழுதியிருப்போம். அதிகாரத்துக்கு முன்னால் உண்மையைச் சொன்னதும் குணம்தான், அடுத்தவனுக்கு அநியாயம் நடந்தபோது சும்மா இல்லாததும் குணம்தான். நம் பிள்ளைகளிடம் இருக்கிற இந்தக் குணங்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்த பெயர் 'வாய்த்துடுக்கு'. பெயரை நாம் மாற்றி வைக்க வேண்டியிருக்கிறது.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டுமான காரியமும் இல்லை. மாணவர்கள் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதைப் பற்றிப் பள்ளிக் கல்வித் துறையே 2019இல் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து உடன் படித்த மாணவர்கள் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைத் தடை செய்யச் சொன்னது. தடை செய்ய வேண்டியதுதான். ஆனால் ஒரு பிள்ளை அந்தக் கயிற்றில் எதைத் தேடுகிறான்? அவன் யார் என்று யாராவது சொல்ல வேண்டும் என்று தேடுகிறான். மார்க் வாங்கும் நான்கு பேரைத் தவிர வேறு யாரையும் பள்ளிக்கூடம் பெயர் சொல்லிக் கூப்பிடாதபோது, சாதி கூப்பிடுகிறது. 'வீரப் பரம்பரை' என்று சும்மாவே பட்டம் தருகிறது. அந்தப் பையன் ஒன்றாம் வகுப்பிலிருந்து அடுத்தவனுக்குக் கை கொடுத்ததற்காகவும், தப்பை ஒத்துக்கொண்டதற்காகவும், தண்ணீரைப் பகிர்ந்துகொண்டதற்காகவும் பெயர் வாங்கியிருந்தால், கயிறு கட்டிப் பெயர் வாங்கும் அவசியம் கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். சாதியை இது ஒழித்துவிடாது. நிலமும் கூலியும் சுடுகாடும் அப்படியே இருக்கும்போது கரும்பலகை மட்டும் என்ன செய்யும்? ஆனால் சாதி முதல் முதலில் பிள்ளைகளின் பெயரை எழுதிப் பழகுகிற இடம் அந்தப் பலகைதான்.

ஆகவே ஆசிரியர் வேலையில் இருக்கும் தோழர்களுக்கும், மாலைப் பள்ளி நடத்தும் மாணவர்களுக்கும் சில வேண்டுகோள்கள். லீடரை மாற்றிக்கொண்டே இருங்கள். இந்த மாதம் யாரைத் திட்டினீர்கள், யாரைப் பாராட்டினீர்கள், எதற்குப் பாராட்டினீர்கள் என்று நீங்களே ஒரு தாளில் எழுதி, தெருவாரியாகப் பிரித்துப் பாருங்கள். நம் பெற்றோர்களுக்கு 16, 17 ஆகிய இரண்டு பிரிவுகளையும் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகள் செய்கிற நல்லதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். நமக்கு எதிரான ரெக்கார்டுகள் எல்லா ஆபீஸிலும் இருக்கின்றன. நமக்கு ஆதரவான ரெக்கார்டை நாம்தான் எழுத வேண்டும்.

டிசியில் ஒரு கட்டம் இருக்கிறது, மாணவரின் ஒழுக்கமும் பண்பும் என்று. அதே தாளில் சாதிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. சாதிக் கட்டத்தை நிரப்பச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஒழுக்கக் கட்டத்தில் வாத்தியார் ஒரே வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அந்தக் கட்டத்தில் எழுத எங்கள் பிள்ளைகளிடம் ஒரு நோட்டு முழுக்க இருக்கிறது. வந்து வாங்கிப் படிக்கட்டும்.